விசுவாசத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளர: முதல் வாரத்திலிருந்து முதிர்வயது வரை ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பக்கம் கன்வென்ஷன் கூட்டங்கள் முடிந்த வாரத்தில் வேதப்பாட வகுப்புக்குப் புது முகங்கள் வரும். இயேசுவைப் பின்பற்றுவேன் என்று கண்ணீரோடு தீர்மானம் எடுத்தவர்கள். அந்த வேகத்திலேயே அதிகாலை நாலு மணி ஜெபம், நாளுக்கு ஐந்து அதிகாரம், வெள்ளிக்கிழமை உபவாசம், இனி டிவி கிடையாது என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்குவார்கள். மூன்றாம் மாதம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். "எனக்கெல்லாம் கொடுத்துவைக்கவில்லை போலிருக்கிறது, அண்ணே" என்று அவர்களே தங்களை ஒதுக்கிக்கொள்வதுதான் அதைவிட வேதனை.

இருபது வருடத்துக்கு மேலாக ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இந்த வகுப்பை நடத்துகிறேன். விட்டுப்போனவர்களில் பெரும்பாலோரிடம் ஆர்வத்துக்குக் குறைவு இருந்ததில்லை. அளவும் வரிசையும்தான் தப்பிப்போயிருந்தன. மாற்கு சுவிசேஷம் 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் முதலில் முளை, பிறகு கதிர், அதற்கும் பிறகுதான் தானியம். விதைத்தவன் இரவில் தூங்குகிறான், காலையில் எழுந்திருக்கிறான். பயிர் எப்படி வளர்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன. ஒரு படி பழகி, அதைச் செய்யாத நாளில் ஏதோ குறைகிற மாதிரி தோன்றும் வரைக்கும் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வேதாகமம். நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அழகானது. ஆனால் சத்துரு, சொஸ்தம், உபத்திரவம், இஸ்திரீ என்று வரும்போது இன்றைய பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். அதனால் எளிய தமிழில் உள்ள இன்னொரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் போதும். பழையதில் 'கிருபை' என்பது அதில் 'அருள்', 'இரட்சிப்பு' என்பது 'மீட்பு', 'சங்கீதம்' என்பது 'திருப்பாடல்'. இரண்டையும் சேர்த்து வாசித்தால் பாதிச் சந்தேகம் யாரையும் கேட்காமலே தீரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு. பெரிய டைரி வேண்டாம். தேதி போட்ட டைரியில் நாலு பக்கம் வெறுமையாகக் கிடந்தால் அதைத் திறக்கவே மனசு வராது.

ஒரு நேரம், ஒரு இடம். "காலையில் எப்போதாவது" என்பது நேரமாகாது. ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு இதைக் கட்டிவிடுங்கள்: காப்பி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும், பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டதும், கடை திறக்கும் முன் உள்ளே உட்கார்ந்து. பழைய பழக்கத்தின் தோளில் புதுப் பழக்கம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாலு மணிக்கு எழுந்து பழக்கமே இல்லாதவர் நாலு மணி ஜெபத்தைத் தொடங்கினால், முதல் போராட்டமே தூக்கத்தோடுதான். அதில் தோற்ற நாளில் ஜெபமும் சேர்ந்தே தோற்றுவிடுகிறது.

ஒரு ஆள். உங்களைவிட நாலைந்து வருடமாவது முன்னே நடந்தவர், வாரத்தில் ஒருமுறை "எப்படிப் போகிறது?" என்று கேட்கக்கூடியவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் இருப்பது நல்லது. பிரசங்கம் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை; கேட்டதை வெளியே சொல்லாதவராக இருந்தால் போதும்.

செல்போனில் வேதாகமம் வாசிக்கலாமா என்று கேட்பார்கள். வாசிக்கலாம், ஆனால் முதல் நாற்பது நாள் வேண்டாம். இரண்டாம் வசனத்தில் ஒரு வாட்ஸாப் செய்தி வந்தால், மூன்றாம் வசனத்துக்கு நாம் திரும்புவதில்லை.

2. முதல் நாற்பது நாள் மாற்கு மட்டும்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்குகிறார்கள், நாளுக்கு மூன்று அதிகாரம் என்று. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி 30ஆம் தேதி அந்தத் தொண்ணூறும் முடியும். மறுநாள் லேவியராகமம். சர்வாங்க தகனபலி, போஜனபலி, குஷ்டரோகப் பிரமாணம். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் புத்தகக்குறி அங்கேயே நின்றுவிடும். பலிகளைப் பற்றிய அந்தப் பக்கங்கள் யாரை நோக்கிப் போகின்றன என்று தெரிந்த பிறகு வாசித்தால் அவை திறக்கும். ஆகவே முதலில் இயேசுவைப் பார்க்க வேண்டும்.

மாற்கு 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒன்று. 16 நாளில் ஒரு முறை, மறுபடியும் 16 நாளில் இன்னொரு முறை. மிச்சமுள்ள 8 நாளில், இரண்டு தடவையும் உங்களைத் தடுத்து நிறுத்திய எட்டுப் பகுதிகளை மட்டும் திரும்ப வாசியுங்கள். முதல் தடவையில் கதை தெரியும். இரண்டாம் தடவையில்தான் ஆள் தெரிவார்.

வாசிக்கும் முறை இதுதான். சத்தமாக வாசியுங்கள், மெல்லிய குரலிலாவது. கண் தாவும், நாக்கு தாவாது. வாசித்து முடித்ததும் நோட்டில் மூன்று வரி: இயேசு இங்கே என்ன செய்தார் அல்லது சொன்னார், எது எனக்குப் புரியவில்லை, இன்று நான் செய்யக்கூடியது என்ன. மூன்று வரிக்கு மேல் எழுத ஆசை வந்தாலும் முதல் மாதம் அடக்கிக்கொள்ளுங்கள். நன்றாக ஓடுகிற நாளில் இரண்டு பக்கம் எழுதிவிட்டால், மறுநாள் மூன்று வரி எழுதுவது தோல்வி மாதிரித் தெரியும்.

புரியாதவற்றின் பட்டியலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரு தம்பி, கட்டிட வேலைக்குப் போகிறவர், சாப்பாட்டு இடைவேளையில் மணல் குவியல்மேல் உட்கார்ந்து மாற்கு வாசித்தவர், தன் நோட்டை என்னிடம் நீட்டினார். பக்கங்களில் சிமெண்ட் விரல் அடையாளம். 8ஆம் அதிகாரத்துக்கு எதிரே ஒரே வரி: "ஏன் ரெண்டு தடவை தொட்டார்?" பெத்சாயிதாவில் இயேசு ஒரு குருடனை முதலில் தொட்டபோது, அவனுக்கு மனிதர்கள் நடக்கிற மரங்கள் மாதிரித் தெரிந்தார்கள். மறுபடியும் கைகளை வைத்த பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ தடவை அந்தப் பகுதியை நடத்தியிருக்கிறேன், அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. ஒரே வார்த்தையில் குணமாக்கக்கூடியவர் அந்த மனிதனைப் படிப்படியாகப் பார்வைக்குக் கொண்டுவந்தார் என்பது அன்றிலிருந்து என் மனசைவிட்டு நீங்கவில்லை.

3. பத்து நிமிட ஜெபம்

வாசித்த உடனே ஜெபம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதலில் அவர் பேசியதைக் கேட்டுவிட்டால், நம் ஜெபம் நம் கவலைகளையே சுற்றிச் சுற்றி வராது.

ஆரம்பத்தில் பத்து நிமிடம் போதும், ஐந்து என்றாலும் சரி. இயேசு சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தையே சட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி சொல்லி நிறுத்துங்கள். "அன்றன்றுள்ள அப்பம்" என்ற இடத்தில் இந்த மாத வாடகையைச் சொல்லுங்கள். மன்னிப்பு வரும் இடத்தில் நேற்று மாமியாரிடம் எரிந்து விழுந்ததைச் சொல்லுங்கள், நாளும் நேரமும் சேர்த்து. "ஆண்டவரே, என் பாவங்களை மன்னியும்" என்று மொத்தமாகச் சொன்னால் எதுவும் உறைக்காது. "நேற்று சாயங்காலம் அவர்கள் மருந்து கேட்டபோது நான் சலித்துக்கொண்டேன்" என்றால் உறைக்கும், மருந்து கொடுக்கும் அடுத்த வேளையில் ஞாபகத்துக்கும் வரும்.

இங்கே நடக்கும் தவறு, ஊழியக்காரர்களின் ஜெபத் தொனியைப் பிடிக்கப் பார்ப்பது. அவர்களுக்கு அது பல வருடப் பழக்கம். உங்கள் அப்பாவிடம் எந்தத் தமிழில் பேசுவீர்களோ அந்தத் தமிழ் போதும். வார்த்தையே வராத நாளில் ஒரு சங்கீதத்தை ஜெபமாகவே வாசித்துவிட்டு எழுந்துவிடலாம்.

4. ஒரே ஒரு கீழ்ப்படிதல்

வாசிப்பும் ஜெபமும் ஓரளவு நிலைத்த பிறகு இது. பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து ஊழியத்துக்குப் போய்விடுகிறார்கள். வேத அறிவு ஏறுகிறது, வீட்டில் குணம் அப்படியே இருக்கிறது. பார்க்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய இடறல்.

நோட்டில் மூன்றாம் வரியாக எழுதியவற்றைத் திரும்பப் பாருங்கள். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கும்: கோபம், கடன், பொய்க் கணக்கு, யாரோ ஒருவரோடு பேச்சு இல்லாமை. அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். 2 பேதுரு 1ஆம் அதிகாரம் விசுவாசத்தில் தொடங்கி அன்பு வரைக்கும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்கிறது. தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை என்று ஒன்றின்மேல் ஒன்று. ஒரே நாளில் அந்த ஏழு குணங்களையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

எடுத்த ஒன்றைச் செயலாக மாற்றுங்கள். "பொறுமையாக இருப்பேன்" என்பது விருப்பம். "மகன் மார்க் ஷீட்டைக் காட்டும்போது உட்கார்ந்து பார்ப்பேன், முதலில் தண்ணீர் குடிப்பேன்" என்பது செயல். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு மனம் மாறியதை லூக்கா 19 ஒரு கணக்காகவே எழுதியிருக்கிறது: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப.

ஒப்புரவு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். அப்பா இறந்த பிறகு கிணற்றுப் பங்கு விஷயத்தில் என் அண்ணனோடு எனக்கு ஐந்து வருடம் பேச்சு இல்லை. அந்த ஐந்து வருடமும் மாதா மாதம் திருவிருந்தில் முழங்காற்படியிட்டிருக்கிறேன், வகுப்பும் நடத்தியிருக்கிறேன். ஒருநாள் மத்தேயு 5ஐ நடத்திக்கொண்டிருந்தேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற இடம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்தேன். அதுவும் பொய்.

அந்த வாரமே போனேன். அண்ணி காப்பி கொடுத்தார்கள். தேங்காய் விலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவையும் அதே கதைதான். மூன்றாம் தடவைதான் "அன்றைக்கு நான் பேசியது தப்பு, அண்ணே" என்று வாயில் வந்தது. அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதில் கற்றதைச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போகும்போது கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். "நீயும்தானே" என்ற சொல் வந்துவிட்டால் போன காரியம் கெட்டுவிடும். கடிதமோ வாய்ஸ் மெசேஜோ வேண்டாம், நேரில் போங்கள். முதல் தடவை வாய் வராவிட்டால் பரவாயில்லை, இன்னொரு தடவை போங்கள். ஆனால் உங்களை அடித்தவரிடமோ சீரழித்தவரிடமோ தனியாகப் போய் நிற்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் பாதுகாப்பு. ஒப்புரவைப் பற்றி நம்பகமான ஒருவரோடு உட்கார்ந்து பிறகு யோசிக்கலாம்.

5. ஒரு சபையில் வேர்விடுதல்

ஒரே சபை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவில் யூடியூபில் ஒன்று என்று ஓடுகிறவர்களுக்குப் பிரசங்கம் நிறையக் கிடைக்கிறது, வராத ஞாயிற்றுக்கிழமை "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் கிடைப்பதில்லை. ஒரு வருடமாவது ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே வரிசையில் உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்கிற பாட்டியின் முழங்கால் வலி உங்களுக்குத் தெரிய வேண்டும், உங்கள் வேலைப் பிரச்சினை அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிறு ஆராதனையோடு ஒரு சின்னக் கூட்டமும் தேவை: வீட்டு ஜெபக்கூட்டமோ வேதப்பாடமோ, பத்துப் பேருக்குள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறார் யாக்கோபு. முந்நூறு பேர் நடுவே அது நடக்காது.

புதியவர்களை உடனே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். சபையைக் கண்காணிக்கும் வேலைக்கு நூதன சீஷனை, அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனை, வைக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3 சொல்வது அவன் இறுமாப்படைந்து விழாமல் இருப்பதற்காக. அப்போஸ்தலன் பவுலையே பாருங்கள். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் (கடிதத்தில்) அவரே கணக்குச் சொல்கிறார்: அழைப்புக்குப் பின் மூன்று வருடம் கழித்துத்தான் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவைக் கண்டார், பதினாலு வருடம் சென்றபின் மறுபடியும் போனார். முதல் வருடம் நாற்காலி அடுக்குங்கள், பாத்திரம் கழுவுங்கள், ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிரேயான் எடுத்துக் கொடுங்கள். கைதட்டல் இல்லாத இடத்தில் வேர் ஆழமாகப் போகும்.

ஒரு சபையைவிட்டு விலக வேண்டிய அடையாளங்களும் உண்டு. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொன்னால், காணிக்கையின் அளவை வைத்து ஆசீர்வாதத்தை அளந்தால், கேள்வி கேட்பதைப் பாவம் என்றால், உங்கள் குடும்பத்திடமிருந்து உங்களைப் பிரித்தால், தயங்காமல் வெளியே வாருங்கள்.

வேறு மதத்துக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் முதல் வாரமே வாக்குவாதத்தைத் தொடங்காதீர்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள், "அம்மாவுக்கு எப்படிச் சொல்வது அக்கா?" என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டு. "முதலில் ராத்திரிப் பாத்திரத்தை நீ தேய்த்து வை" என்றாள் அவள். நாலு மாதம் கழித்து அம்மாவே கேட்டார்களாம், "உனக்கு என்ன ஆச்சு?" என்று. கேள்வி அவர்களிடமிருந்து வந்தபோது பதிலைக் கேட்கக் காதும் இருந்தது.

6. காணிக்கையும் உபவாசமும்

இரண்டையும் சின்னதாகத் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது எங்கள் சபைக் கோயிலுக்குப் போகும். அந்தப் பானை நிறைவதைப் பார்த்துத்தான் கொடுப்பது என்றால் முதலில் எடுத்துவைப்பது என்று நான் கற்றேன். மிச்சத்தில் கொடுக்க நினைத்தால் மிச்சமே இருக்காது. கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். வட்டி கட்டுவது உங்கள் பிள்ளைகள்.

உபவாசத்துக்கு லெந்து நாட்கள் நல்ல பள்ளிக்கூடம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை, ஞாயிறுகளை விட்டு 40 நாள். முதல் வருடம் வாரத்தில் ஒரு வேளை உணவு மட்டும் விடுங்கள். அந்த நேரத்தை ஜெபத்துக்கும், அந்தச் சாப்பாட்டுக் காசைப் பசியாக இருக்கிற ஒருவருக்கும் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் உணவைத் தொட வேண்டாம், செல்போனை ஒரு வேளை விடலாம்.

7. இரண்டாம் வருடம்: முழு வேதாகமம்

இப்போது தொடங்கலாம். நம் சபைகளின் வேதாகமத்தில் 66 புத்தகம், 1189 அதிகாரம்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. ஒரே வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வருடமும் மூன்று மாதமும். நான் சொல்வது இரண்டாவது கணக்கு. வாழ்நாள் முழுதும் வாசிக்கப்போகிற புத்தகத்துக்கு என்ன அவசரம்?

வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். லூக்கா, பிறகு அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டும் ஒரே ஆசிரியர் எழுதியவை, ஒரே கதையின் தொடர்ச்சி. அப்புறம் ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரமும். பிறகு பிலிப்பியர், யாக்கோபு, 1 யோவான் போன்ற சின்ன நிருபங்கள். சாமுவேல், இராஜாக்கள். அதன் பிறகு தீர்க்கதரிசிகள், ஏனென்றால் எந்த ராஜாவின் காலத்தில் பேசினார்கள் என்று தெரியாமல் அவர்களை வாசித்தால் பாதி விளங்காது. ரோமரும் எபிரெயரும் வரும்போது லேவியராகமத்தையும் சேர்த்து வாசியுங்கள். அப்போது அது கசக்காது. மற்றவற்றை இவற்றுக்கு இடையில் போட்டுக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் சங்கீதம்.

ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்கும் பழக்கத்தை இந்தப் படியில் விட்டுவிட வேண்டும். புது வருட ஆராதனையில் அந்த வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். எரேமியா 29:11 யாருக்காவது வராமல் இருக்காது: நான் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற அந்த வசனம். அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அந்த வருடமே வேலையும் கல்யாணமும் நடக்கும் என்று காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள். எழுபது வருடம் நிறைவேறின பிற்பாடு என்று இருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. அட்டையில் வரும் ஒரு வரியைவிட, அந்த முழுக் கடிதம்தான் எழுபது வருடத்துக்குத் தாங்கும்.

8. வறண்ட காலம்

எல்லோருக்கும் வரும். ஜெபம் கூரையைத் தாண்டாத மாதிரி, வசனம் செய்தித்தாள் மாதிரி, பாட்டில் வாய் மட்டும் அசைகிற மாதிரி. விசுவாசம் போய்விட்டது என்று பயந்து சிலர் புதுப் புது எழுப்புதல் கூட்டங்களைத் தேடி ஓடுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் மூடிவைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் வரிசையாகச் சிலவற்றைப் பாருங்கள்.

முதலில் உடம்பு. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் ஆண்டவரே" என்று சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தலைமாட்டில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்திருந்தது. எலியா சாப்பிட்டார், தூங்கினார், தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் தேவன் மெல்லிய சத்தமாய் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான். மூன்று மாதமாக இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு நான் முதலில் சொல்வது ஒரு முழு நாள் தூங்குங்கள் என்பதுதான்.

அடுத்து, மறைத்துவைத்த ஏதாவது உண்டா? உண்டானால் இரண்டாவது கேள்விக்கு மேல் போக வேண்டாம், அதை உங்கள் ஆளிடம் சொல்லுங்கள்.

அடுத்து, அழாத துக்கம். சாவு வீட்டில்கூட "விசுவாசி அழக்கூடாது" என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்கள். இயேசு லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டார். சங்கீதம் 13இன் முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு தடவை வருகிறது. சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு ஸ்தோத்திரம் இல்லை. இப்படியும் ஜெபிக்கலாம் என்று வேதமே இடம் கொடுத்திருக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு சகோதரி ஆறு மாதம் சங்கீதம் 88ஐ மட்டுமே வாசித்தார். வேறு எதையும் வாசிக்கச் சொல்லி யாரும் அவரை வற்புறுத்தாதபடி நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

இவற்றில் எதுவும் இல்லை என்றால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். பத்து நிமிடம் மூன்றாகலாம், ஒரு அதிகாரம் ஐந்து வசனமாகலாம். நேரமும் இடமும் மாறக்கூடாது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதத்தில் அதை மண்மூட விட்டால், தண்ணீர் வரும்போது பாய வழி இருக்காது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று இருந்தால் தாமதிக்காமல் மனநல டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. காய்ச்சலுக்குப் போவது மாதிரிதான் இதுவும்.

9. விழுந்தபின் திரும்புவது

பத்து நாள் விட்டுப்போனால் அந்தப் பத்து அதிகாரத்தையும் ஒரே நாளில் வாசித்துக் கடனை அடைக்கப் பார்க்காதீர்கள். இன்றைய தேதி போட்டு, விட்ட இடத்திலிருந்து ஒரு அதிகாரம். அவ்வளவுதான்.

பழைய பாவத்தில் விழுந்தால் அன்றைக்கே திரும்புங்கள். "கொஞ்சம் சரியான பிறகு சபைக்குப் போகலாம்" என்று தள்ளிப்போட்ட நாட்கள்தான் வருடங்களாகிவிடுகின்றன. மாற்கு என்கிற அந்த வாலிபன் பவுலும் பர்னபாவும் போன ஊழியப் பயணத்தில் பெர்கே என்ற ஊரில் அவர்களைவிட்டுப் பிரிந்து வீட்டுக்குத் திரும்பிப் போனவன். மறுபடியும் அழைத்துப்போகப் பவுலுக்கு மனமில்லை. அதனால் பவுலும் பர்னபாவுமே பிரிந்தார்கள். பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன் என்கிறார் அதே பவுல். நடுவில் பர்னபா அவனைக் கைவிடவில்லை. முதல் படியில் 'ஒரு ஆள்' வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

10. பருவத்துக்கு ஏற்ற அளவு

கைக்குழந்தை உள்ள தாய்க்கு அரைமணி நேரம் அமைதி கிடைக்காது. அடுப்படிச் சுவரில் ஒரு வசனம் எழுதி ஒட்டி, வாரம் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கட்டும், போதும். கணவர் அந்த நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டால் அதுவும் பக்திதான்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் குடும்ப ஜெபம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு பாட்டு, ஒரு சின்னப் பகுதி, பிள்ளை ஒரு வரி ஜெபம். அந்த நேரத்தில் மார்க்கைப் பற்றிய அறிவுரையை ஜெபமாகச் சொல்லாதீர்கள்; பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். பவுலின் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். பிள்ளைகள் பார்த்துக் கற்பார்கள்.

முதிர்வயதில் கண் மங்கும், முழங்கால் மடங்காது. பலர் அப்போது தங்களால் இனி எதுவும் ஆகாது என்று சோர்ந்துவிடுகிறார்கள். ஒலி வேதாகமத்தைப் பேரப்பிள்ளையிடம் சொல்லிப் போனில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெயர் சொல்லி ஜெபிப்பது நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். சங்கீதம் 71 ஒரு முதியவரின் ஜெபம். நரைமயிர் வரைக்கும் கைவிடாதிரும், அடுத்த சந்ததிக்கு உம்முடைய வல்லமையை அறிவிக்க வேண்டும் என்கிறார். சின்ன வயதில் மனப்பாடம் செய்த வசனங்கள் இந்தப் பருவத்துக்கான சேமிப்பு. என் அம்மாவுக்குக் கடைசி வருடத்தில் எங்கள் பெயர்கள் மறந்துபோயின. சங்கீதம் 23ஐ நான் தொடங்கினால் அவர்கள் முடிப்பார்கள்.

11. வளர்கிறேனா என்று பார்ப்பது எப்படி

தினமும் பார்க்காதீர்கள். நட்ட செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கிற கதையாகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை, பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். போன வருடம் எதற்காக மன்னிப்புக் கேட்டீர்கள், இந்த வருடம் எதற்காகக் கேட்கிறீர்கள்? வளரும்போது பாவம் குறைந்த மாதிரித் தோன்றாது, முன்பு கண்ணில் படாதது இப்போது படும். இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

அப்புறம் உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள்: "போன வருடத்துக்கு இந்த வருடம் என்னிடம் ஏதாவது மாற்றம் தெரிகிறதா?" பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். சபையில் கேட்டால் நல்ல வார்த்தைதான் வரும். வீட்டில்தான் உள்ளது வரும்.

12. இன்னொருவரோடு உட்காருவது

இரண்டு மூன்று வருடம் கழித்து, உங்களைவிடப் பின்னால் வருகிற ஒருவருக்கு நீங்கள் அந்த 'ஒரு ஆள்' ஆகுங்கள். எல்லாம் தெரிந்த பிறகு என்று காத்திருக்க வேண்டாம். தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் மறக்காமல் பதிலைக் கொண்டு போங்கள். நீங்கள் பட்ட அடியை மறைக்காதீர்கள், அவர் சொல்வதை வெளியே சொல்லாதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஒரு புது நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் தேதியை அவர் கையாலேயே எழுத வைத்து, மாற்கு முதல் அதிகாரத்தின் 45 வசனங்களையும் மாற்றி மாற்றிச் சத்தமாக வாசியுங்கள்.